ஏரி வாரியத்தில் இடம் இல்லாத வயது

உத்திரமேரூர் வட்டத்தில் பத்தொன்பது, இருபது வயதில் இருக்கும் ஒருவருக்குக் காலநிலை மாற்றம் பற்றிக் கவலை வந்துவிட்டது என்று வையுங்கள். எங்கே தொடங்குவது? கைப்பேசியில் அவர் பார்ப்பதெல்லாம் வேறு ஊர்க் காட்சிகள். 2018 ஆகஸ்டில் பள்ளிக்குப் போகாமல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்த கிரெட்டா துன்பர்க் தெரியும். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசிய திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரையும் தெரிந்திருக்கும். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் சாலவாக்கத்திலோ பெருநகரிலோ மானாம்பதியிலோ இருப்பவர் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்யலாம் என்பதற்கு அதில் விடை இல்லை.

விடை பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியைக் கையில் எடுங்கள். ஒரே ஒரு ஏரி போதும். அதன் ஆவணங்கள், அதன் கால்வாய்கள், அதை நம்பியிருக்கும் மனிதர்கள், இந்த மூன்றையும் ஐந்து ஆண்டுகளாவது விடாமல் பின்தொடருங்கள். இந்தப் பகுதியில் காலநிலைக்காகச் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு மேலானது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் ஏரி?

காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத இடைவெளி நீளுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நமக்கு இது புத்தகச் செய்தி இல்லை. 2015 நவம்பர், டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டே, 2016இல், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. ஒரு வருடம் கரை உடைந்த ஊரில் மறுவருடம் மாட்டுக்குத் தண்ணீர் இல்லை.

இந்த இரண்டு கேடுகளுக்கும் ஒரே மருந்தாகக் கட்டப்பட்டவைதான் ஏரிகள். மூன்று நாளில் கொட்டும் மழையைப் பிடித்து, மூன்று நான்கு மாதங்களுக்கு வயலுக்குக் கொடுப்பது, அந்தக் காலம் முழுவதும் சுற்றுக் கிணறுகளை ஊற வைப்பது அவற்றின் வேலை. இவை தனித்தனிக் குளங்களும் அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அந்தத் தண்ணீர் கால்வாயில் இறங்கிக் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. நடுவில் ஒரு கால்வாயை யாராவது மூடினால் மேல் ஊரில் வெள்ளம், கீழ் ஊரில் வறட்சி. ஒரே மழையில் இரண்டும் நடக்கும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. ஒன்றியப் பொறுப்பில் உள்ள சிற்றேரிகளும் குளம், குட்டைகளும் இந்தக் கணக்கில் சேராதவை. உத்திரமேரூரின் பெரிய ஏரியைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீர் பிடித்துவரும் ஓர் அமைப்பு உங்கள் காலடியில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் நடங்கள், பிறகு காகிதம்

இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்குவதிலோ மரக்கன்று நடுவதிலோ தொடங்குகின்றன. அதில் தவறில்லை; ஆள் சேர உதவும். ஆனால் கரையில் குப்பை இல்லாத ஏரிக்கும் தண்ணீர் வராமல் போகலாம். தண்ணீர் வரும் வழியைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

மழைக்கு முன்பு, ஆவணி புரட்டாசியில், நான்கைந்து பேராக வரத்துக்கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து போங்கள். எங்கே சுருங்குகிறது, எங்கே வீட்டுமனைக்காக மேடு தட்டியிருக்கிறார்கள், எங்கே சாலைக்கு அடியில் போட்ட குழாய் அடைத்திருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது என்று படம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கரை, மதகு, கலங்கல் மூன்றையும் பாருங்கள். கலங்கலின் உயரத்தைக் கவனிப்பது முக்கியம். ஏரி முழுதாக நிரம்பினால் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் பயிர் வைத்திருப்பவர்களின் நிலம் முழுகும்; ஆகவே கலங்கலை உடைத்தோ தணித்தோ விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவருக்கு ஒரு கணக்கு, கடைமடை விவசாயிக்கு வேறு கணக்கு. இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவராவது இருப்பார்: மதகு திறந்து முறை வைத்துத் தண்ணீர் விட்ட பழைய நீர்க்கட்டி, அல்லது அவருடைய மகன். நூறு நாள் வேலைக்குப் போய் அந்த ஏரியின் மண்ணை வெட்டிய பெண்களைக் கேளுங்கள். எந்த இடத்தில் மண் கெட்டி, எங்கே ஊற்று என்று பொறியாளரைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

அதன் பிறகு காகிதம். இந்த ஏரி யாருடையது என்பதில் தொடங்குங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையின் கையில் இருக்கும். அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் குழுக்கள் உண்டு. இந்த ஒரு தகவல் அந்த அலைச்சலை மிச்சப்படுத்தும். அடுத்தது கிராம வரைபடமும் அ பதிவேடும். ஏரி, கால்வாய் ஒவ்வொன்றுக்கும் புல எண்ணும் பரப்பும் அதில் இருக்கும். அ பதிவேட்டு விவரத்தை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் யாரும் பார்க்கலாம். மற்றதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். நீங்கள் நடந்து குறித்ததையும் வரைபடம் காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காணாமல் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆவணங்களைக் கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏரியைச் சீரமைக்க என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாக ஒரு வரி வரும். எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு தொகைக்கு வேலை நடந்தது, அளவீட்டுப் புத்தகத்தின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் மே, ஜூனில், வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியை இளைஞர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. பட்டா மாற்றத்துக்கும் உதவித்தொகைக்கும் மனு கொடுக்கும் இடம் என்று மட்டும் நினைத்திருக்கிறோம். ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நாள் அது. கால்வாயின் புல எண்ணோடும் படங்களோடும் போய் நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆக்கிரமிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீர்வளத் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அளந்து, அறிவிப்புக் கொடுத்து, அகற்றலாம். நடைமுறையில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் போக்கிடம் இல்லாமல் கரையோரம் குடிசை போட்ட ஏழைகளின் வீடு. ஏக்கர் கணக்கில் வளைத்தவரின் வேலி அப்படியே நிற்கும். உங்கள் மனு எந்த வரிசையில் எதைக் கேட்கிறது என்பதில் கவனமாக இருங்கள். மாற்று இடம் கேட்காமல் குடிசையை அகற்றச் சொல்லும் குழுவை ஊரில் பாதிப்பேர் மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது.

கிராம சபை

உத்திரமேரூர் என்றாலே குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதை விவரமாகச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்திருந்த ஊர் இது.

யாருக்கு அதில் இடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் உழைக்கும் சாதியினருக்கும் அங்கே இடமில்லை. இளையவருக்குக் கிடைத்த ஒரே வேலை, குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுக்கும் சிறுவனின் வேலை. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடம் இல்லை. இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சுவரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்ட வேண்டும்.

இன்றைக்கு ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், அதாவது பதினெட்டு வயதானவர் எவரும், கிராம சபையின் உறுப்பினர். 21 வயதில் தேர்தலிலேயே நிற்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகும் இளைஞர்களுக்கு ஷிப்ட் இருக்கும் என்பது உண்மையான தடை. அதனால் தேதியை ஒரு மாதம் முன்பே குறித்துவைத்து ஷிப்டை மாற்றிக்கொள்வதும் அமைப்பு வேலையின் ஒரு பகுதிதான். உத்திரமேரூர் நகரம் பேரூராட்சி. அங்கே கிராம சபை இல்லை. ஒன்றியத்தின் ஊராட்சிகளில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழி.

போய்க் கத்திவிட்டு வருவதில் பயன் இல்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்: ஏரியின் பெயர், புல எண், என்ன வேலை, எந்தத் துறை, எப்போதுக்குள். பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். எழுதாமல் விட்ட பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஆயக்கட்டு விவசாயிகளோடு சேர்ந்து போங்கள். அங்கே பேச வேண்டியவர்கள் விவசாயிகள். நீங்கள் கோப்பைத் தயார் செய்து கொடுத்துவிட்டுப் பின்னால் நில்லுங்கள்.

தீர்மானத்துக்கு எவ்வளவு பலம்? மிகையாகவும் நம்ப வேண்டாம், குறைவாகவும் நினைக்க வேண்டாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாகத் தெரிந்ததும் மேலூர்ப் பக்கத்துக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நம் மாவட்டத்திலேயே மறுபக்கமும் இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் ஏரிகளையும் வயல்களையும் காக்கப் போராடிவருகிறார்கள். இரவு வேளையில் கூடிக் கோஷமிடுவது ஆயிரம் நாட்களைத் தாண்டியது. கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அரசு நிலம் எடுக்கும் வேலையைத் தொடர்ந்தது. ஆகவே தீர்மானம் என்பது தானாக ஒரு திட்டத்தை நிறுத்தும் ஆணை இல்லை. ஆனால் நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ ஊரின் குரல் என்று காட்ட எழுத்தில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

பேராவூரணி காட்டிய வழி

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது. துபாயில் மென்பொருள் வேலையில் இருந்த நிமல் ராகவன் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் தம் ஊரில் தங்கி நிவாரண வேலையில் இறங்கினார். தென்னை போன பிறகு ஊர் பிழைக்க எது வேண்டும் என்ற கேள்வி தண்ணீரில் வந்து நின்றது. இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தை அமைத்தார்கள். 2019இல் 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரிய குளத்தைச் சொந்தப் பணத்தாலும் ஊர்க் கொடையாலும் தூர் வாரினார்கள். அதற்குப் பிறகு அந்த இளைஞர்களின் வேலை மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சங்கத்தின் பெயர். இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு சூழல் மன்றம் வைத்துக்கொள்ளவில்லை. விவசாயிகள் சங்கம் என்று வைத்தார்கள். தண்ணீர் யாருக்குப் போகிறதோ அவர்களோடு சேர்ந்து நின்றால்தான் வேலை நிலைக்கும். நம் பக்கத்து வேடந்தாங்கலில் பல தலைமுறையாகப் பறவைகளைக் காத்தவர்கள் ஊர் விவசாயிகள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அரசு சரணாலயம் என்றதும், 2022இல் ராம்சர் ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டதும் பின்னால் வந்தவை.

உங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் இதைச் சேர்ந்த கேள்விதான். ஊர்த்தெரு இளைஞர்கள் மட்டும் கூடி ஏரியைப் பற்றி முடிவெடுத்தால், காலனியில் அதை இன்னொரு ஆக்கிரமிப்பாகத்தான் பார்ப்பார்கள். மீன் ஏலம், கருவேல மர ஏலம், மண் எடுப்பது எல்லாவற்றிலும் யாருக்குப் பங்கு போனது என்ற பழைய கசப்பு பல ஊர்களில் உண்டு. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் பள்ளியிலோ நூலகத்திலோ வையுங்கள். பெண்கள் வந்து போகக்கூடிய நேரமாக இருக்கட்டும். வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் செலவுக்கும் கணக்கு எழுதி ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். அந்தப் பழைய சுவரின் விதி உங்களுக்கும்தான்.

மண், கல், லாரி

தூர் வாருவது என்ற பெயரில் ஏரியைச் சுரங்கமாக்குவதும் நடக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண்ணைக் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். 2024இலிருந்து வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எடுக்கிற மண் வயலுக்குப் போகிறதா, மனை நிரப்பப் போகிறதா, அனுமதித்த ஆழத்துக்கு மேல் தோண்டுகிறார்களா என்று பார்ப்பது ஊரின் வேலை. மேல் வண்டலுக்குக் கீழே இருக்கும் மண் போய்விட்டால் மதகு மட்டத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கும், வயலுக்கு ஏறாது.

உத்திரமேரூர் வட்டத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குவாரிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பேசுவது பதிவாக வேண்டும். அறிக்கையைப் படித்து, "குவாரிக்கும் ஏரிக்கும் உள்ள தூரம் இவ்வளவு என்கிறீர்கள், நாங்கள் அளந்தது இவ்வளவு" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அது பதிவில் நிற்கும். அனுமதி கொடுத்த பிறகு எதிர்க்க வேண்டுமானால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இந்தக் கெடுவைத் தவறவிட்டு நல்ல வழக்குகள் வீணாகின்றன.

ஆபத்தை மறைக்க மாட்டேன். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கொள்ளையைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் குவாரி முறைகேடுகளை எதிர்த்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஆகவே இரவில் லாரியை மறிக்கப் போகாதீர்கள். தனி ஒருவர் பெயரில் புகார் கொடுக்காதீர்கள். கிராம சபைத் தீர்மானமாக, விவசாயிகள் சங்கக் கடிதமாகக் கொடுங்கள். கல்லூரி மாணவர் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் பின்னால் ஒதுங்குவது அநியாயம். அப்படி ஒதுங்கும் ஊரில் குவாரி விஷயத்தைத் தொடாமல் ஏரி வேலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வீட்டில் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள்.

மழை வந்ததும் ஒரு வேலை இருக்கிறது, செலவில்லாதது. மதகுச் சுவரில் அடிக்கணக்கு குறித்து, ஐப்பசியிலிருந்து தை வரை வாரம் ஒரு நாள் நீர்மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே மழையளவும், கலங்கல் ஓடிய நாளும், கரையோரத்து இரண்டு கிணறுகளின் மட்டமும். பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். பசுமைப் படை ஆசிரியர் யாராவது பொறுப்பெடுத்தால் நீடிக்கும். முதல் ஆண்டு நோட்டு யாருக்கும் பெரிதாகத் தெரியாது. மூன்றாம் ஆண்டு, இதே மழைக்கு முன்பு ஏரி இவ்வளவு நிரம்பியது, கால்வாய் அடைத்த பிறகு இவ்வளவுதான் நிரம்புகிறது என்று ஜனவரி 26 கிராம சபையில் வாசித்தால், உதவிப் பொறியாளரும் உட்கார்ந்து கேட்பார். மாவட்டத்துக்குக் காலநிலைத் திட்டம் எழுதுபவர்களிடம்கூட உங்கள் ஏரியைப் பற்றி அந்த அளவுக்கு விவரம் இருக்காது. அந்த நோட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றை ஊர் நூலகத்திலும் கொடுத்துவையுங்கள். நீங்கள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகும், அடுத்த பதினெட்டு வயதுக்காரர் அந்த நோட்டில் நீங்கள் விட்ட பக்கத்திலிருந்து எழுதலாம்.